கொத்துக்காரி வீட்டுச் சுவர்

எங்கள் உழவர் சங்கத்துக் களை எடுக்கும் இயந்திரங்கள் ஐந்துக்கும் ஒரே நாளில் புத்தி பிசகியது. வேலையில் அவை ஒரு குறையும் வைக்கவில்லை. சாயங்காலம் காட்டை விட்டுக் கொட்டகைக்குத் திரும்புகிற வழியில்தான் கோளாறு. ஐந்தும் ஐந்து காட்டிலிருந்து கிளம்பி, நேராக வராமல் கிணற்றுச் சந்துக்குள் நுழைந்து, என் கொழுந்தியாள் தன்யாவின் வீட்டுச் சுவரருகே நின்று, ஆளுக்கொரு கீரைக்கட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தன.

சந்தே கூடிச் சிரித்தது. தன்யா சிரிக்கவில்லை. விளக்குமாற்றோடு வெளியே வந்து, ஐந்து கட்டையும் கூட்டி உள்ளே தன் ஆட்டுப் பக்கம் தள்ளினாள். "மிசினு போடற பிச்சைய என்ற ஆடு திங்கட்டும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் இயந்திரங்கள் போயின. மறுநாளும் விளக்குமாறு வந்தது.

எங்கள் ஊர் செங்காட்டுப்புதூர், மூலனூர்ப் பக்கத்து வானம் பார்த்த பூமி. காடு என்றால் எங்களுக்குப் புன்செய் நிலம்தான்; ஆளுக்கு ஓர் ஏக்கர், மிஞ்சினால் ஒன்றரை. பெரிய டிராக்டர் உள்ளே வந்து திரும்புவதற்குள் எங்கள் காடு முடிந்துபோகும். அதனால்தான் இந்தச் சின்ன இயந்திரத்தைச் சங்கத்தில் பொதுவாக வாங்கினோம். வெள்ளாட்டு உயரம், நான்கு கால், முதுகில் சூரியத் தகடு, முன்னால் ஒரே ஒரு கை. டீசல் கேட்காது. மண்ணை மிதித்து இறுக்காது. கால் ஒடிந்தால் ஊர்ப் பட்டறையிலேயே ஒட்டவைத்துக்கொள்ளலாம். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஒத்தக்கையன் என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். கொட்டகையின் சாவி என்னிடம். அதனால் அவை செய்கிற எல்லாக் கோளாறுக்கும் ஊரில் நான்தான் பதில் சொல்லவேண்டும்.

அந்த ஒற்றைக் கை யாருடையது என்று கேட்டால், என் மனைவி ஹாசினியுடையது. (எங்கள் வயதுப் பெண்களுக்கெல்லாம் இப்படித்தான் பெயர். பேரன் பேத்திகள் இவற்றைப் பழங்காலத்துப் பெயர் என்று கிண்டல் செய்கிறார்கள்.) ஒத்தக்கையனுக்கு யாரும் பாடம் எழுதித் தருவதில்லை. ஒரு மனிதக் கை பருவம் முழுக்க ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு வேலை செய்யவேண்டும். அந்தக் கை எதைப் பிடுங்குகிறது, எதை விடுகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதெல்லாம் இயந்திரத்துக்குள் போய்விடும். ஹாசினிக்கு நொட்டாங்கைப் பழக்கம், எல்லாம் இடது கையால்தான். ஆகையால் எங்கள் ஊர் இயந்திரங்கள் எல்லாம் நொட்டாங்கைக்காரன்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

ஆனால் அவர்கள் ஊர் இயந்திரம் செய்யாத ஒன்றை எங்களுடையது செய்யும். கம்பெனி பாடம் படித்த இயந்திரத்துக்குச் சோளம் தவிர மற்றதெல்லாம் களை. எங்கள் பெண்களுக்கு அப்படியில்லை. கோரையும் பார்த்தீனியமும் முதலில் போகும். தொய்யக்கீரையையும் பண்ணைக்கீரையையும் கடைசி வரை விட்டுவைத்து, கிளம்புகிற நேரத்தில் பிடுங்கி மடியில் கட்டுவார்கள். களை வெட்டினால் கீரை வெட்டிய ஆளுக்கு. காட்டுக்காரன் அதில் வாய் வைக்க முடியாது. ஒத்தக்கையனும் இதை அப்படியே கற்றுக்கொண்டான்.

தன்யாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் ஹாசினியின் ஒரே தங்கை. இந்த ஊரின் கொத்துக்காரியாக இருந்தவள், அதாவது களைவெட்டுப் பெண்களைத் திரட்டிக் காட்டுக்குக் கூட்டிப்போகிறவள். யார் காட்டில் என்றைக்கு இறங்குவது என்பது அவள் வாயிலிருந்து வரவேண்டும். சாயங்காலம் கீரையை ஒரே இடத்தில் குவித்துப் பங்கு வைப்பதும் அவள்தான். எல்லாருக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் தனக்கு எடுத்துக்கொள்வாள்.

ஆனால் மழை எல்லாருக்கும் ஒரே வாரத்தில்தான் பெய்கிறது. களையும் எல்லார் காட்டிலும் ஒரே வாரத்தில் முளைக்கிறது. தன்யாவின் ஆட்கள் எத்தனை காட்டில்தான் நிற்பார்கள்? முறை வருவதற்குள் சோளத்தைக் களை மூடிவிடும். விதைத்துக் கைவிட்டவர்கள் ஒவ்வொருவராகக் காட்டைக் கம்பெனிக் குத்தகைக்கு விட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் சங்கம் இயந்திரம் பற்றிப் பேசியது. கற்றுக்கொடுக்க ஒரு கை வேண்டும் என்று முதலில் தன்யாவைத்தான் கேட்டோம். காறித் துப்பாத குறை. பிறகு ஹாசினி கையை நீட்டினாள்.

பால் சொசைட்டியில் பத்துப் பேர் முன்னால் தன்யா சொன்னாள். "என்ற ஆளுக வயித்துல அடிக்கறதுக்கு என்ற அக்காளே கையுறை மாட்டிக்கிட்டா. இனி எனக்கு அக்கா இல்ல. மிசினு எறங்குன காட்டுல என்ற காலும் படாது."

அன்றோடு பேச்சு நின்றது. வேலை போன அந்தக் களைவெட்டுப் பெண்கள் விடிவதற்குள் வேன் ஏறி வெள்ளகோவில் மில்லுக்குப் போய், இருட்டுகிற நேரத்துக்கு வந்து இறங்குகிறார்கள். இங்கே காடுகள் பிழைத்துக்கொண்டன. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். ஒருத்தி பக்கம் தப்பு இருந்திருந்தால் எப்போதோ மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பார்கள்.

தன்யா என்னிடம் மட்டும் தேவைக்குப் பேசுவாள். நான் இரண்டு வீட்டுக்கும் நல்லவனாக நடித்து இரண்டு வீட்டிலும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

இயந்திரங்கள் வழி தப்பினால் அவையே வட்டார அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடும். மூன்றாம் நாள் பொறியாளர் ஆயிஷா வந்து சேர்ந்தாள். வாணியம்பாடிப் பெண், எங்கள் மகள் வயது இருக்கும். கொட்டகையில் உட்கார்ந்து பழைய பதிவுகளை எல்லாம் பார்த்தாள். பிறகு ஹாசினியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, பாடம் சொல்லிக்குடுத்தப்ப கையுறைய எங்க வெச்சுக் கழட்டுவீங்க?"

"வூட்டுக்குப் போயித்தானுங். கை களுவற எடத்துல."

"காட்டுல வேலை முடிஞ்சதும் கழட்டலையா?"

"அத்தன வெலையுள்ள சாமான வழியில எங்கியாச்சும் தவற உட்டுட்டா என்ன பண்றதுங்? கையிலயே இருந்தா பத்தரமா இருக்குமுன்னு அப்படியே வந்துருவனுங்."

ஆயிஷா சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். எங்கள் ஊர்ப் படம், அதில் காட்டிலிருந்து வீடு வரை ஒரு கோடு. கோட்டின் நடுவே ஒரு புள்ளி தடித்துக் கிடந்தது.

"கை இங்க நிக்குது. சுவர் உயரத்துக்கு எழும்புது, எதையோ வைக்குது, அப்புறம் வெறுங்கையா வீட்டுக்குப் போகுது. பருவம் பூரா, ஒரு நாளும் தவறல. ஒத்தக்கையனுக்கு எது களை வேலை, எது அக்காவோட சொந்த வேலைன்னு தெரியாது. கீரையக் கட்டி அந்தச் சுவர்ல வெச்சாத்தான் வேலை முடிஞ்சதுன்னு புரிஞ்சுக்கிட்டிருக்கு. இத்தன நாள் டெம்போவுல ஏத்திட்டு வந்தீங்க, வெளிய தெரியல. இந்த வாரந்தான் அதுங்களாவே நடந்து வர விட்டோம்."

நான் ஹாசினியைப் பார்த்தேன். சாயங்கால நேரங்களில் நான் பால் சொசைட்டியில் இருப்பேன், தன்யா பின்கட்டில் ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பாள். அந்த இடைவெளியில் இவள் இந்தக் காரியத்தை இன்றுவரை செய்துவந்திருக்கிறாள். எங்கள் வீட்டுக் கீரைக்குழம்பு ஏன் எப்போதும் தண்ணியாக இருந்தது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோபம் வரவில்லை. அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. ஆயிஷா இருந்ததால் சும்மா இருந்தேன்.

"களை வெட்டுனா கீரையில அவளுக்கு ஒரு பங்கு உண்டுங்" என்றாள் ஹாசினி, தரையைப் பார்த்துக்கொண்டு. "காட்டுக்குள்ள வரமாட்டன்னு சபதம் போட்டுட்டா. அப்பறம் அந்தப் பங்க எப்படித்தான் குடுக்கறது?"

ஆயிஷா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு வழிகளைச் சொன்னாள். வரும் திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அலுவலகமே இந்தப் பாடத்தை அழித்துக் கம்பெனிப் பாடத்தை ஏற்றிவிடும். அது கீரையையும் களை என்று பிடுங்கி எறியும், ஊருக்கே கீரை இல்லை. அல்லது, அந்தச் சுவரைச் சரக்கு இறக்குமிடமாகப் பதிந்துகொள்ளலாம். அதற்கு வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகச் சம்மதம் சொன்னால் போதும்.

"நான் போயித் தன்யாகிட்டக் கேக்கறேன்" என்றேன்.

"வேண்டாங்க!" ஹாசினி பதறிப்போனாள். "அவளோட பழைய ஆளுக எவளோ வெக்கறான்னு அவ நெனைச்சுக்கிட்டிருக்கறா. நீங்க கேட்டா நான் வெச்சதுன்னு தெரிஞ்சுரும். தெரிஞ்சா அப்பறம் அதையும் தொடமாட்டா."

"அப்போ ஒரே வழிதான் அக்கா" என்றாள் ஆயிஷா. "நீங்களே மறுபடியும் கையுறை மாட்டி, கீரைய மடியில வெச்சுக்கிட்டு, அந்தச் சுவரத் தாண்டி நிக்காம நடக்கணும். நாலஞ்சு நாள் நடந்தா அதுங்க மறந்துடும். அதுவரைக்கும் டெம்போவுலயே ஏத்திட்டு வாங்க."

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் அக்காளுக்கும் தங்கைக்கும் மிச்சமிருந்த ஒரே பேச்சு அந்தச் சுவர்தான். அதை ஹாசினி தன் கையாலேயே நிறுத்தவேண்டும். ஊருக்குக் கீரை வேண்டுமென்றால் தங்கைக்குக் கீரை கிடையாது.

வியாழக்கிழமை சாயங்காலம் நானும் கூடவே நடந்தேன். சந்து வந்ததும் ஹாசினி நடையை எட்டிப் போட்டாள். சுவரருகே வந்தபோது அவளுடைய இடது கை தானாக மடிப் பக்கம் போயிற்று. அதை வலது கையால் பிடித்துக்கொண்டு, முகத்தை நேரே வைத்துக்கொண்டு தாண்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து கீரையைக் கடைந்தாள். எனக்குப் போட்டாள். அவள் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டாள்.

"நல்லா இருக்குது" என்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் கெட்டியான கடைசல். தட்டில் பாதியை மிச்சம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே தாண்டினோம். சுவர் வெறிச்சென்று இருந்தது. சந்து முனையில் திரும்பியபோது, தன்யா வீட்டு ஜன்னல் கதவு அசைந்தாற்போல் எனக்குப் பட்டது. ஹாசினியிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை, தன்யா சுவருக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஆட்டுக்கயிறு. எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஆட்டைப் பார்த்துப் பேசினாள். பேச்சு நின்றுபோனவர்கள் எங்கள் பக்கத்தில் அவசரத்துக்கு இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆட்டிடமோ மாட்டிடமோ சொன்னால் அது பேச்சில் சேர்த்தியில்லை.

"ஏண்டி செம்மி, ரெண்டு நாளாக் கீரையக் காணமே. வெக்கறவளுக்கு மேலுக்குச் சொகமில்லையான்னு கேளு."

ஹாசினி அப்படியே நின்றுவிட்டாள். ஆடு வாயை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"செம்மி" என்றாள் ஹாசினி. "வெக்கறவ ஆருன்னு உங்க வூட்ல எப்படித் தெரியும்னு கேளு."

"நொட்டாங்கை முடிச்சுப் போடறவ இந்த ஊர்ல வேற ஆரு இருக்கறா? மொத நாளே தெரியும். அவ எனக்குச் சடை பின்னி உட்ட காலத்துல இருந்து ரிப்பன் அந்தப் பக்கந்தான் திரும்பிக்கிட்டு நிக்கும். பள்ளிக்கூடத்துல பூராப் பேரும் சிரிப்பாளுக."

"தெரிஞ்சுமா எடுத்துக்கிட்டான்னு கேளு."

"எடுத்துக்காம? அது என்ற பங்கு." இப்போது தன்யாவின் குரல் உயர்ந்தது. "இந்த மிசினுக கொண்டாந்து வெச்சது மட்டும் என்னவாம்? அந்தக் கட்டுகளையும் பங்கு வெச்சு, வேன்ல இருந்து எறங்கறவளுகளுக்குத்தான் குடுத்தேன். நாளெல்லாம் மில்லுல நின்னுட்டு வர்றவ எங்க போயிக் கீரை பறிப்பா? ஆடு தின்னது வெறும் தண்டு. ரெண்டு நாளா அவளுக வந்து வந்து கேட்டுட்டுப் போறாளுக. நான் என்னன்னு சொல்றது?"

"அப்பறம் எதுக்கு அம்மிணி வெளக்குமாறு?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"அது ஊருக்கு, மச்சான்" என்றாள், ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே.

இதற்குமேல் மூடி வைக்க என்ன இருக்கிறது? ஆயிஷா சொன்னதை எல்லாம் நான் சொன்னேன். திங்கட்கிழமை பற்றி, அழிக்கப்போகிற பாடம் பற்றி, மறக்கடிக்க இவள் வெறுங்கையாக நடப்பது பற்றி. தன்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க மூக்கு நுனி சிவந்தது.

"மிசினு மறக்கோணும்னு மனுசியப் போட்டு இப்படி நடக்க உடுவாங்களா?" என்றாள். "சம்மதந்தான வேணும்? சொல்லிப்போடுங்க. ஆனா ஒண்ணு. கட்டு அஞ்சும் இந்தச் சொவத்துக்குத்தான் வரோணும். பங்கு வெக்கறவ நாந்தான். சங்கத்துல இருந்து ஒருத்தனும் அதுல தலையிடப்படாது."

ஹாசினி மடியை அவிழ்த்தாள். கட்டை எடுத்துச் சுவர்மேல் வைத்தாள். தன்யா அந்த நொட்டாங்கை முடிச்சைப் பிரித்து, கீரையை இரண்டாகப் பகிர்ந்து, ஒரு பாதியைத் தன் முடிச்சாகப் போட்டுச் சுவருக்கு மேலே நீட்டினாள். ஆட்டைப் பார்க்கவில்லை, இப்போது நேரே பார்த்தாள்.

"இந்தாக்கா. களை வெட்டுனவளுக்கும் பங்கு உண்டு. இத்தன நாளா உன்ற பங்கு நின்னு போச்சு."

ஹாசினி கையை நீட்டி வாங்கினாள். இருவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

"பாருடி செம்மி, இன்னும் நொட்டாங்கையிலயே வாங்கறா" என்றாள் தன்யா. மூவரும் சிரித்தோம். அழுகையும் சேர்ந்துதான் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து கை கழுவப் போனபோதுதான் ஹாசினிக்குக் கையுறை நினைவே வந்தது. அது கையிலேயே இருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை ஆயிஷாவிடம் தன்யாவின் சம்மதத்தைச் சொன்னோம். அவள் சுவரைப் பதிந்துகொண்டு, இயந்திரங்களை நடக்க விட்டாள். சாயங்காலம் ஐந்தும் சந்துக்குள் நுழைந்தன, சுவர்மேல் கட்டை வைத்தன, ஆனால் அங்கிருந்து நகரவில்லை. சற்று நேரத்தில் தன்யாவின் சத்தம் கொட்டகை வரை கேட்டது.

"மச்சான்! ஓடியாங்க! இதுக அஞ்சும் எதுக்குக் கைய நீட்டிக்கிட்டு நிக்குதுக?"

ஓடினேன். ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஐந்தும் வரிசையாக நின்று, இடது கையைச் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. மில் வேனிலிருந்து இறங்கிய பெண்கள் சாப்பாட்டுப் பையோடு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆயிஷாவுக்குப் போன் போட்டேன். பதிவைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே வந்தது.

"சனிக்கிழமையும் கையுறைய கழட்டலையா அண்ணா? அதுங்க பங்கு கேக்குதுங்க."

தன்யா தலையில் அடித்துக்கொண்டாள். "மனுசிக்குப் பங்கு வெச்சது பத்தாதுன்னு இரும்புக்கும் வெக்கோணுமா?" என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்து, கீரையைக் குவித்துப் பிரித்தாள். வேன் பெண்களுக்கு முதலில். பிறகு ஐந்து கைகளுக்கும் கையளவு கட்டி வைத்தாள். கடைசியில் தனக்கு. அந்தப் பெண்களுக்கு இது பழைய வேலையைத் திருப்பித் தந்துவிடாது. விடிவதற்குள் அவர்கள் மறுபடியும் வேன் ஏறவேண்டும். ஆனாலும் கொத்துக்காரியின் முன்னால் மடியேந்தி நின்ற அந்த நேரத்தில், ஒருத்தியை ஒருத்தி முட்டித் தள்ளிக்கொண்டு, காட்டில் நின்ற காலத்தைப் போலவே சத்தம் போட்டுச் சிரித்தார்கள்.

கை நிறைந்ததும் இயந்திரங்கள் கிளம்பின. கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. நான் பின்னாலேயே நடந்தேன். ஐந்தும் எங்கள் வீட்டுக்குப் போய், ஹாசினி தினமும் கை கழுவுகிற குழாயடியில் நின்றன.

அவள் வெளியே வந்து பார்த்தாள். ஒவ்வொரு கையிலிருந்தும் கட்டை வாங்கினாள். எதையும் பிரிக்கவில்லை. அந்த முடிச்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் வலது கை முடிச்சு.

என் போனில் ஆயிஷா இன்னும் இருந்தாள். "அக்காகிட்டக் கேளுங்க அண்ணா. கொட்டகைக்குப் போகாம வீட்டுக்கு வருதே, இதையும் கோளாறுன்னு பதியட்டுமா?"

போனை ஹாசினியிடம் நீட்டினேன். கையில் ஐந்து கட்டும் இருந்ததால் அவளால் வாங்க முடியவில்லை. நான் அவள் காதருகே பிடித்தேன்.

"வேண்டாஞ் சாமி" என்றாள். "அது தங்கச்சி வூட்டுல இருந்து வருது."